கரையேறியவர் நூலும் கரையேற்றியவர் கதையும்

உல்லாசப் பயணமாகப் பாய்க்கப்பலிற் புறப்பட்டு, நடுக்கடலிற் கலமிழந்து, கையிற் கிடைத்த பொருள்களையே கருவிகளாக்கி உயிர் தப்பியோர் எழுதிய நூல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. பயண இலக்கியம் என்றோ தன்வரலாறு என்றோ இவற்றை எளிதில் வகைப்படுத்திவிட முடியாது. நமது இலக்கியத் திறனாய்வு இவற்றைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆயினும் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலை வாசலாகக் கொண்ட ஊர்களிற் பிறந்த வாசகர் இவற்றைப் படிக்கும்போது, பிறநாட்டு வாசகருக்குத் தோன்றாத சில ஐயங்கள் எழுதல் இயல்பு. அவ்வையங்களின் வழியே இந்நூல்களை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

மூன்று நூல்களை முதலில் எடுத்துக்கொள்வோம். டூகல் றொபேட்சன் என்பவர் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து, பின்னர் பாற்பண்ணை நடத்தியவர். பண்ணையை விற்று, மனைவி மக்களுடன் உலகைச் சுற்றிவர ‘லூசெற்’ என்ற பாய்க்கப்பலில் 1971 இற் புறப்பட்டார். 1972 யூன் 15 ஆந் திகதி கலாப்பகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைத்திமிங்கிலங்கள் மோதியதால் அக்கப்பல் மிகச் சில நிமிடங்களில் மூழ்கிற்று. அறுவர் 38 நாட்கள் முதலில் ஒரு றப்பர் மிதவையிலும், அது பழுதுற்ற பின் ஒரு சிறு தோணியிலும் உயிர்வாழ்ந்தனர். அடுத்தது மொறிஸ் பெய்லி, மரலின் பெய்லி என்ற கணவன் மனைவியரின் நூல். வீட்டை விற்று ‘ஓரலின்’ என்ற படகை வாங்கி நியூசிலாந்து நோக்கிச் சென்ற இவர்களுடைய படகும் 1973 மார்ச்சு 4 ஆந் திகதி திமிங்கிலம் மோதி மூழ்கியது. 1974 இல் வெளிவந்த அவர்களது நூலின் தலைப்பே 117 நாட்களைச் சொல்வது. மூன்றாமவர் அமெரிக்கரான ஸ்டீவன் கலஹன். தாமே வடிவமைத்த ஆறரை மீற்றர் நீளமான சிறு படகைக் கனேரித் தீவுகளுக்கு அப்பால் 1982 பெப்ரவரியில் இழந்து, 76 நாட்கள் தனியே அத்திலாந்திக்கிற் மிதந்தவர். அவரது நூல் 1986 இல் வெளிவந்தது.

இந்நூல்களின் உயிர் எங்கே இருக்கின்றது? கடலைப் பற்றிய வருணனையில் இல்லை. தத்துவ விசாரணையிலும் இல்லை. பொருள்களைப் பற்றிய கணக்கில் இருக்கின்றது. பெய்லி தம்பதியர் ஊக்குகளை வளைத்துத் தூண்டில் செய்த விதம், றொபேட்சன் குடும்பத்தார் ஆமையைத் தோணிக்குள் இழுத்து வெட்டி இறைச்சியைக் காயவைத்த முறை, அதன் கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுத்த முறை என்பன ஒரு கைவினைஞன் தன் தொழிலைச் சொல்லும் நிதானத்துடன் சொல்லப்படுகின்றன. தோணியின் அடியிற் தேங்கி வாயால் அருந்தவியலாதபடி கெட்டுப்போன மழைநீரைத் தாதியாகப் பணிபுரிந்தவரான லின் றொபேட்சன் மலவாய் வழியாக உடலுக்குட் செலுத்தும் உபாயத்தைக் கையாண்டதும் அவ்வாறே மறைப்பின்றிக் கூறப்படுகின்றது. இத்தகைய செய்தியை எழுதுவதற்குத் தமிழ் எழுத்தாளர் நாணியிருப்பார் என்பது என் எண்ணம். எழுதியிருப்பின், அதனைத் தியாகத்தின் சின்னமாக்கியிருப்பார்.

கலஹன் இவ்வகையில் முதன்மையானவர். மூன்று பென்சில்களைப் பிணைத்து விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவியொன்றை அவர் செய்துகொண்டார். சூரிய வெப்பத்தால் உவர்நீரை ஆவியாக்கி நன்னீர் வடிக்கும் சாதனங்கள் அவரிடம் இருந்தன. அவை சரிவரத் தொழிற்படாமையால், ஒன்றை அறுத்துப் பார்த்து அதன் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்ட பின்னரே மற்றவற்றை இயக்க முடிந்தது. தாகத்தால் இறந்துகொண்டிருக்கும் ஒருவன் நீர் தரக்கூடிய பொருளொன்றை அறிவிற்காகப் பலியிடுகிறான். இந்நூலின் மிகச் சிறந்த நாடகக் கட்டம் இதுவே. ஈட்டிமுனை பட்டு மிதவை கிழிந்தபோது அத்துளையை அடைப்பதற்கு அவர் பத்து நாட்கள் பட்ட பாடும், முடிவில் ஒரு முட்கரண்டி கைகொடுத்ததும் ஒரு துப்பறியும் கதைக்குரிய விறுவிறுப்புடன் அமைந்துள்ளன. டானியல் டீபோ 1719 இற் படைத்த றொபின்சன் குறூசோவின் வழித்தோன்றல்களே இவ்வுரைநடைகள். உடைந்த கப்பலிலிருந்து எதனை எடுத்தான், எத்தனை எடுத்தான் என்று எண்ணிச் சொல்லும் அந்தக் கணக்கர் நடையே ஆங்கில நாவலின் தொட்டில்களில் ஒன்று.

இங்கே ஒரு கேள்வி. ஆபத்து இவர்களைத் தேடி வந்ததா, இவர்கள் ஆபத்தைத் தேடிச் சென்றார்களா? பண்ணையையும் வீட்டையும் விற்றுக் கடல்மேற் செல்ல முடிந்தவர்கள் விற்பதற்கு ஏதேனும் உடையவர்கள். திரும்பி வந்து எழுதுவதற்கு ஓய்வும், பதிப்பிப்பதற்கு ஆளும், வாசிப்பதற்கு ஒரு கூட்டமும் அவர்களுக்கு இருந்தன. சீனாவின் ஹைனான் தீவிற் பிறந்த பூன் லிம் என்பவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘பென்லொமண்ட்’ என்ற பிரித்தானியக் கப்பலிற் பரிசாரகராகக் கூலிக்குச் சென்ற இவர், 1942 நவம்பர் 23 ஆந் திகதி அக்கப்பல் ஜேர்மன் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியபின், 133 நாட்கள் தனியே ஒரு மரத்தெப்பத்தில் மிதந்தார். மின்சூளின் கம்பியிலிருந்து தூண்டிலும், கயிற்றைப் பிரித்து நூலும் செய்தார். தெப்பத்தில் அறையப்பட்டிருந்த ஆணியைக் கழற்றிப் பெருந்தூண்டிலாக்கினார். கலஹன் செய்ததிற் குறைந்ததன்று இது. நாட்கணக்கிற் பார்த்தால் மிகுதியானது. அவருக்குப் பதக்கம் கிடைத்தது. அவர் கையாண்ட உபாயங்கள் கடற்படையின் கையேடுகளுக்குட் சென்றன. ஆனால் மற்றவர்களுடையதைப் போன்று தம் குரலில் எழுதிய நூலொன்று இலக்கிய உலகில் நிலைபெறவில்லை.

நமது நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். உல்லாசப் படகிலே உலகைச் சுற்றிப் புகழ்பெற்று, அதுபற்றி நூலும் எழுதியவர் அவர். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் சென்ற அக்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. உரிமையாளரின் பயண நூல்களை நூலகத்திற் தேடிப் படிக்கலாம். அத்தனை கடல்களையும் கடந்த மாலுமிகளுக்கோ நினைவுக் கட்டுரைகளும் ஊர்ப் பெருமையுமே எஞ்சின.

ஆயினும், வசதி படைத்தோரின் எழுத்து என்று முத்திரை குத்தி இந்நூல்களைத் தள்ளிவிடுவது சோம்பற் திறனாய்வாகும். பொருளின் மீதும் உழைப்பின் மீதும் இவ்வளவு மரியாதை காட்டும் உரைநடை எந்த வர்க்கத்தவர் எழுதினும் கற்கத்தக்கது. இவற்றின் குறை வேறிடத்தில் உள்ளது. நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ளது.

றொபேட்சன் குடும்பத்தை மீட்டது ‘தோகா மாறு’ என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல். பெய்லி தம்பதியரை, ஏழு கப்பல்கள் காணாமற் கடந்து சென்றபின், மீட்டது ‘வோல்மி’ என்ற கொரிய மீன்பிடிக் கப்பல். பூன் லிம்மை மீட்டோர் பிரேசில் நாட்டு மீனவர். கலஹனை மீட்டோர் கரிபியன் கடலின் மரி கலாந்த் தீவைச் சேர்ந்த மூன்று மீனவர். இது தற்செயலன்று. பெருங்கப்பல் துறைமுகத்தை நோக்கி நேர்கோட்டிற் செல்வது. அதன் மேற்றளத்தில் நிற்பவன் நீரைப் பார்ப்பதில்லை. மீனவனோ நீரைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன். பறவை வட்டமிடுவதும், நீரின் நிறம் மாறுவதும், அலையிற் தெரியும் சிறு புள்ளியும் அவனுக்குச் செய்தி. எனவே மிதப்பவனைக் காண்பவன் பெரும்பாலும் அவனாகவே இருக்கிறான். இந்நூல்களில் அவன் இறுதி அத்தியாயத்தில் நுழைந்து, ரொட்டியும் நீரும் கொடுத்து, நன்றியுரையில் மறைந்துவிடுகிறான். அவனது கண்ணைப் பற்றிய அத்தியாயம் ஒன்று எழுதப்படவேயில்லை.

இந்த அமைப்பு மிகப் பழையது. இப்னு பத்தூத்தா 1344 இல் இலங்கையிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழ்க்கரைக்குச் சென்றபோது கப்பல் தரைதட்டியது. பாய்மரம் வெட்டப்பட்டது. மாலுமிகள் மரங்களைப் பிணைத்துத் தெப்பம் செய்தனர். கப்பற் தலைவன் சுக்கானைப் பற்றிக்கொண்டு கரைசேர்ந்தான். அவரது பணிப்பெண்களுள் ஒருத்தி, தனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்லித் தெப்பத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நீந்திச் சென்றாள். மேலும் நான்கு தெப்பங்கள் செய்து முடிக்குமுன் இருட்டிவிட்டதாற் பயணி கப்பலின் பின்தளத்தில் விடியும்வரை தங்கினார். காலையில் அக்கரை மக்கள் சிலர் படகில் வந்து அவரை ஏற்றிச் சென்றனர். அவர்கள் பிறசமயத்தவர் என்பதற்கு மேல் அந்நூல் எதுவும் கூறவில்லை. அவர்கள் பேசியது தமிழாக இருந்திருத்தல் கூடும். அவர்கள் அன்று வீட்டிற்குச் சென்று என்ன சொன்னார்கள் என்பது கடலோடு போயிற்று.

தமிழ் மரபில் இத்தகைய கதைக்கு இடமே இல்லையா? உண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைய, முறிந்த மரமொன்றைப் பற்றி நாகர் வாழும் மலையை அடைகிறான். அங்கே அவனைக் காப்பாற்றுவது மரமன்று, மொழி. அவர்களுடைய பேச்சை அறிந்திருந்தமையால் அவன் இரையாகாமல் விருந்தினனாகின்றான். உயிர்காக்கும் கருவிகளின் பட்டியலில் அயல்மொழி அறிவையும் சேர்த்த காப்பியம் அது. எனினும் சாத்தனாரின் நாட்டம் அறவுரையில். மரத்தைப் பற்றியவன் எத்தனை நாள் எதனைப் பருகினான் என்பது அவருக்கு வேண்டியதில்லை.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே ஆண்டுதோறும் எவர் நினைவாகக் கொடியேற்றப்படுகின்றதோ, அந்த நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையைப் பற்றிய கதை இதிலும் நுட்பமானது. முகம் மழிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், தொலைவிற் கடலில் ஒரு கப்பல் துளைபட்டு மூழ்குவதை உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை அவர் வீசியெறிய, அது சென்று துளையை அடைத்தது என்பர். கராமத்து என்ற அளவில் நம்புவோர் நம்புவர், மறுப்போர் மறுப்பர். அவ்விவாதம் நமக்கு வேண்டியதில்லை. இலக்கியமாக நோக்குமிடத்து இக்கதையின் சிறப்பு அதன் பொருட்தன்மையே. காற்று அடங்கவில்லை, கடல் பிளக்கவில்லை. துளை ஒன்று இருந்தது. அதற்கு அளவான பொருள் ஒன்று தேவைப்பட்டது. நாவிதனின் கண்ணாடி அப்பொருளாயிற்று. கலஹனின் முட்கரண்டிக்கு உறவினன் அது. கப்பலின் அடித்தட்டில் நீர் பீறிடக் கண்டு, கையிற் கிடைத்ததை வைத்து அடைத்துப் பழகிய மனிதர்களே இத்தகைய அற்புதத்தைக் கற்பனை செய்திருக்க முடியும்.

தற்காலத் தமிழ்ப் புனைகதை கடற்கரையை நன்கு அறிந்திருக்கிறது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ ஆகியன கரையின் வாழ்க்கையை, அதன் காதலை, பகையை, சாதி வர்க்க முரண்பாட்டைச் சொல்பவை. இவற்றில் மனிதர் கடலுக்குச் செல்வர், வருவர். கதை அவர்களுக்காகக் கரையிற் காத்திருக்கும். ஜோ டி குரூசின் ‘ஆழி சூழ் உலகு’ கலமிழந்து மூவர் நடுக்கடலிற் தத்தளிக்கும் பகுதியால் இவ்வழக்கத்தை மீறியது. அந்த மீறலே அந்நாவலின் வலிமை.

கிழக்குக் கரைக்கு வருவோம். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் எந்திரம் பழுதுற்று நாட்கணக்கில் மிதந்து திரும்பியோர் உளர். பத்திரிகை அவர்களுக்குத் தருவது நான்கு வரி: காணாமற்போன திகதி, மீட்கப்பட்ட இடம், மீட்ட கப்பல், சேர்க்கப்பட்ட வைத்தியசாலை. சாறனையும் தறப்பாளையும் பிணைத்து எவ்வாறு பாயேற்றினார்கள், பனிக்கட்டி அறையில் எஞ்சியதை எவ்வாறு பங்கிட்டார்கள், கச்சான் காற்று எந்நாளில் திசை திரும்பிற்று, அதனை எதனால் அறிந்தார்கள் என்பன வாடியில் வலை பொத்தும்போது பேசப்பட்டு வாடியிலேயே தங்கிவிடுகின்றன. கேட்பவர் கடலறிந்தவர் ஆதலால் சொல்பவர் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில் உரைநடை பிறப்பதில்லை. இது அவர்களது கல்விக் குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. பெய்லியின் வாசகர் தூண்டில் பிடித்தறியாத நகரத்தார். அவர்களுக்கு ஊக்கு வளைந்த கதை புதுமை. இக்கரையில் அது அன்றாடம்.

2004 டிசம்பர் 26 ஆந் திகதிக்குப் பின்னர் இந்நிலை மாறியிருக்கலாம். அன்று கடல் கடலறியாதோரையும் தேடி வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. தொடர்ந்து கவிதைகள் பெருகின. கடலைத் தாயென்றும், தாயே கொன்றாள் என்றும் பாடிய அவற்றின் துயரம் மெய்யானது. ஆயினும் அவற்றுட் பல ஒன்றையொன்று ஒத்திருந்தன. தென்னையைப் பற்றியவர், மிதந்து வந்த கதவிற் குழந்தையைக் கிடத்தியவர், வெற்றுப் பிளாத்திக்குக் கலனை மார்போடு அணைத்தவர் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் இருந்தது. அந்தப் பொருள்களை எழுதியிருந்தால் ஒரு கவிதை மற்றொன்றைப் போல இருந்திராது.

கலஹனின் நூலுக்கே மீண்டும் வருவோம். 1982 ஏப்ரல் 21 ஆந் திகதி அவரது மிதவையைச் சுற்றி மீன்கள் திரண்டிருந்தன. எழுபத்தாறு நாட்களில் அம்மிதவை அவற்றுக்கு ஒரு நகரும் பாராகிவிட்டிருந்தது. மேலே பறவைகள் வட்டமிட்டன. பறவைகளைக் கண்டே அம்மீனவர் அத்திசைக்கு வந்தனர். தம்மை உடனே ஏற்ற வேண்டியதில்லை என்றும், முதலில் மீனைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் கலஹன் அவர்களிடம் சொன்னார். அவர் மிதவையிற் காத்திருந்தார், அவர்கள் பிடித்தார்கள். பின்னர் மனிதனையும் மீனையும் ஒரே படகில் ஏற்றிக்கொண்டு கரை திரும்பினார்கள். மரி கலாந்தின் கரையில் அன்று மாலை அந்த மூவரும் தம் வீட்டாரிடம் இக்கதையைச் சொல்லியிருப்பர். மிதந்து வந்த வெள்ளையனிலிருந்து அதனைத் தொடங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பறவைகளிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள்.