கொடிவழியில் இடம்பெறாத தாய்வழி: கேப் குடியேறிகளின் மரபுப் பதிவேடு – ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் தொடக்ககால ஐரோப்பியக் குடியேறிகளின் மரபை ஆராய்வோர்க்கு அடிப்படை நூலாக விளங்குவது, டி வில்லியர்ஸ் தொகுத்து, அவர் மறைவிற்குப் பின் 1893 முதல் வெளிவந்த பழைய கேப் குடும்பங்களின் பதிவேடாகும். 1966இல் பாமா இதனைத் திருத்தி வெளியிட்டார். இத்தொகுப்பின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும், ஒரு குடும்பத்தின் தொடக்கம் எது என்னும் வினாவிற்கு அதன் குறியீட்டு முறையே முன்கூட்டி விடையளித்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இம்முறையில் முதலில் குடியேறிய ஆண் முதல் எழுத்தைப் பெறுகிறார். மக்கள் அடுத்த எழுத்தையும் பிறப்புவரிசை எண்ணையும் பெறுகின்றனர். மகளின் வழித்தோன்றல்கள் அவள் கணவரின் குடும்பப்பெயருக்குரிய பகுதிக்குச் சென்றுவிடுகின்றனர். எனவே மனைவி என்னும் நிலையன்றித் தாய்க்கு வேறு இடமில்லை.

பாசன் குடும்பம் இதற்குத் தக்க சான்று. வங்காளத்து அஞ்செலா அடிமையாகக் கேப்பிற்குக் கொண்டுவரப்பட்டு, 1657இல் தளபதி வான் ரீபேக்கிற்கு விற்கப்பட்டார். 1666இல் விடுதலை பெற்றார். 1669இல் அர்னால்டஸ் பாசனை மணந்தார். அவருக்கு முன்னரே பிறந்த மகள் அன்னா டி கோனிங், சுவீடன் நாட்டினரான ஓலஃப் பெர்கை மணந்தார். ஆகவே ஒரே தாயின் வழியினர் பாசன், பெர்க் என்னும் இரு தலைப்புகளின்கீழ்ப் பிரிந்து நிற்கின்றனர். அவர்களை இணைக்கும் பெண்ணுக்குத் தனித்தலைப்பு இல்லை.

திருச்சபைப் பதிவுகள் தந்தைவழியே அமைந்தமையால் இது தவிர்க்கவியலாதது எனலாம். இவ்வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. அஞ்செலாவின் விற்பனையும் விடுதலையும் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆட்சிக்கால ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளன. சான்றுகள் இருந்தன, அவற்றை ஏற்கும் இடம் குறியீட்டில் இல்லை.

1971இல் ஹீசே, ஆப்பிரிக்கானர் மரபில் ஐரோப்பியரல்லாதார் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு எனக் கணித்தார். இது தூய ஐரோப்பிய மரபு என்னும் நம்பிக்கையைத் தகர்த்தது. ஆயின் விழுக்காடு கலப்பின் அளவைக் கூறுமேயன்றி, எந்தத் தாயிடமிருந்து எக்குடும்பம் கிளைத்தது என்பதைக் கூறாது.

தமிழாய்விற்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. கேப் ஆவணங்களில் சோழமண்டலக் கடற்கரையின் பெயரை ஒட்டாகக் கொண்ட அடிமைகளும் காணப்படுகின்றனர். ஆனால் அவ்வொட்டு பிறந்த ஊரையன்றி, கப்பலேற்றிய துறைமுகத்தையும் குறித்திருக்கலாம். அதனைக் கொண்டே ஒருவரைத் தமிழர் எனத் துணிதல், பெயரை வைத்து மரபை முடிவுசெய்த பழைய பதிவேட்டின் பிழையையே வேறு வடிவில் மீளச்செய்வதாகும். விற்பனை, விடுதலை, திருமுழுக்கு, மரணசாசன ஆவணங்களை ஒருங்குவைத்துத் தாயைத் தலைப்பாகக் கொண்டு கொடிவழி வரைவதே அடுத்து செய்யத்தக்க பணியாகும்.