காட்டலும் காட்டாமையும்: ஜப்பானிய நோ நாடகம் பற்றி

நாடகம் என்றதும் வண்ணத் திரைகளும் மாட மாளிகைகளும் நம் கண்முன் நிற்கின்றன. ஜப்பானியரின் நோ அரங்கிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. நான்கு தூண்கள் தாங்கும் கூரை; பக்கத்திற்கு ஏறத்தாழ 6 மீட்டர் அளவுள்ள மரத்தளம்; பின்பலகையில் தீட்டிய ஒரு பைன் மரம்; நம் இடப்புறத்தே நடிகர் வந்து சேரும் நீண்ட நடைபாலம். கதை எதுவாயினும் களம் இதுவே. நடிகர் கையை மெல்லக் கண்ணருகே உயர்த்தினால் அஃது அழுகை. முகமூடியைச் சற்றே தாழ்த்தினால் துயரம், நிமிர்த்தினால் மலர்ச்சி. 'அவோய் சீமாட்டி' என்னும் நாடகத்தில் நோயுற்ற தலைவியாக நடிப்பவர் எவரும் இலர். அரங்கின் முன்புறம் மடித்து வைத்த ஓர் ஆடையே அவள்.

இச்சுருக்கம் வறுமையா, வளமையா? விடைகாண ஒரு நாடகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நோ கலைக்கு இலக்கணம் வகுத்த ஸெயாமியின் மகன் மோட்டோமாசா இயற்றிய 'சுமிதா ஆறு' அது. ஆள் கடத்துவோரிடம் மகனைப் பறிகொடுத்த தாயொருத்தி, சித்தம் கலங்கித் தலைநகரிலிருந்து கீழ்த்திசை நாட்டுக்கு வருகிறாள். ஆற்றைக் கடக்கும்போது, சென்ற ஆண்டு அதே நாளில் அக்கரையில் மாண்ட சிறுவனின் கதையை ஓடக்காரன் கூறுகிறான். தலைநகரத்தார் நடந்து செல்லும் வழியோரம் தன்னைப் புதைக்குமாறு அவன் வேண்டினானாம். தன் ஊராரின் நிழல்கூட அவனுக்கு அருமையாயிருந்தது. அவன் தன் மகனே என்று தாய் உணர்கிறாள். புதைமேட்டின்முன் சேகண்டி தட்டிப் புத்தரின் திருநாமத்தை ஓதுகையில் உள்ளிருந்து மகனின் குரல் எழுகிறது, உருவமும் தோன்றுகிறது. தழுவ நீட்டிய கைக்கு எட்டாமல் மறைகிறது. விடிந்தபின் மேட்டில் புல் மட்டுமே.

ஸெயாமியின் கருத்துகளை 1430-இல் தொகுத்த நூலொன்று இந்நாடகம் பற்றிய ஒரு கருத்து வேறுபாட்டைக் குறிக்கிறது. சிறுவனை மேடையேற்றாது விடின் சுவை மிகும் என்றார் தந்தை. அது தம்மால் இயலாது என்றார் மகன். இத்தகையவற்றைச் செய்து பார்த்து, நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளுக என்று தந்தை அமைந்தார். 1432-இல் தந்தைக்கு முன்னரே மகன் மறைந்தமை பெருந்துயரம். இன்றும் பெரும்பாலும் சிறுவன் தோன்றவே ஆடுகின்றனர். சிறுவனின்றி ஆடுவதும் உண்டு.

தந்தையின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மடித்த ஆடை ஒரு பெண்ணாகுமெனின், மண்மேடு மகனாகாதா? ஆயினும் நாம் மகனின் பக்கமே சாய்கிறோம். சிறுவன் தோன்றாவிடின், அக்குரல் பித்துற்றவளின் மயக்கம் என்று எண்ணி விலகி நிற்க நமக்கு இடமுண்டு. தோன்றியமையால் அவளோடு நாமும் காண்கிறோம். அவளோடு நாமும் இழக்கிறோம். எனினும் அச்சிற்றுருவம் நம்மை இத்துணை வருத்துவதற்குக் காரணம், அதுவரை அரங்கில் வேறெதுவும் காட்டப்படாமையே ஆகும். திரைகளும் மாளிகைகளும் நிறைந்த மேடையில் அவன் காட்சிகளுள் ஒன்றாகிக் கரைந்திருப்பான். ஆதலின் நோ அரங்கின் வெறுமையை வளமை என்றே நாம் கொள்கிறோம்.