ஸ்க்ரப்பர் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

ஸ்க்ரப்பர் என்னும் வாயு கழுவும் கருவியில் சல்பர் டை ஆக்சைடை நீரில் கழுவிப் பிடிக்கலாம். நைட்ரிக் ஆக்சைடு அப்படிச் சிக்காது. நீரில் அது கரைவது மிகச் சொற்பம். கொதிகலன் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இந்த வாயுதான். ஆகவே ‘ஸ்க்ரப்பர் இருக்கிறதே’ என்ற பதில் கந்தகத்துக்குச் சரி, நைட்ரஜனுக்குப் போதாது.

எஞ்சிய நைட்ரஜன் டை ஆக்சைடு நீருடன் வினைபுரியும். அதிலும் மூன்று மூலக்கூறு போனால் இரண்டுதான் நைட்ரிக் அமிலமாகும். மற்றொன்று நைட்ரிக் ஆக்சைடாகத் திரும்பிவிடும். டை ஆக்சைடு செம்பழுப்பு, நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது. எனவே பழுப்புப் புகை மறைந்ததை வைத்து மாசு போயிற்று என்று சொல்ல முடியாது. அளவுக்கருவி காட்டுவதே சாட்சி.

ஸ்க்ரப்பருக்கு உரிய இடமும் உண்டு. துருப்பிடிக்காத எஃகை அமிலத்தில் சுத்தம் செய்யும் தொட்டிகள், அடர் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைக்கும் கூடங்கள் போன்றவற்றில் வரும் வாயு சூடற்றது, அளவில் சிறியது, டை ஆக்சைடு மிகுந்தது. இரு ஆக்சைடுகளும் சம அளவில் இருந்தால் காஸ்டிக் சோடா கரைசல் அவற்றைச் சேர்த்தே உறிஞ்சும். சோடியம் ஹைட்ரோசல்பைடு கரைசல் டை ஆக்சைடை நைட்ரஜனாகவே மாற்றும். ஆனால் அதன் காரத்தன்மை குறைந்தால் நச்சான ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். பிஹெச் கண்காணிப்பில் அசட்டை கூடாது.

கொதிகலன் புகைக்கும் வழியுண்டு: முதலில் ஓசோன் செலுத்தி, எளிதில் கரையும் பென்டாக்சைடாக்கிய பிறகு கழுவலாம். முறை பலிக்கும், செலவு மின்சாரத்தில் ஏறும். கழுவிய நீரில் நைட்ரேட் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர வரம்பு. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் காற்றின் மாசு நிலத்தடி நீருக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

வினையூக்கி முறையில் இந்த மிச்சம் கிடையாது. 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் அம்மோனியா சேர்த்தால் நைட்ரஜனும் நீராவியும்தான் வெளிவரும். 80 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பது இயல்பு. குறைகள் இல்லாமல் இல்லை. சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரி வினையூக்கியைத் தேய்த்துவிடும்; வினைபுரியாத அம்மோனியாவும் கசியும். 2015 டிசம்பரில் அனல் மின்நிலையங்களுக்கு வகுத்த விதிகளில், 2003 முதல் 2016 வரை நிறுவியவற்றுக்குக் கன மீட்டருக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பின்னர் 450 ஆகத் தளர்ந்தது. இந்தத் தளர்வினால் நைட்ரஜனைப் பொறுத்தவரை ஸ்க்ரப்பரின் தகுதி கூடிவிடவில்லை.

தீர்ப்பு இதுதான். அமிலத் தொட்டிக்கு ஸ்க்ரப்பர் சரியான தேர்வு. பெரிய கொதிகலனில் முதலில் பர்னரைத் திருத்தி, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதையே குறைக்க வேண்டும்; பிறகு வினையூக்கி. ஓசோன் சேர்த்த ஸ்க்ரப்பர், புகை குளிர்ந்துவிட்ட, வினையூக்கிக்கு இடமில்லாத பழைய ஆலைகளுக்கான மாற்று. நைட்ரேட் நீருக்குச் சுத்திகரிப்பு வசதி இல்லையென்றால் அதற்கும் அனுமதி தரக்கூடாது.