காண்க: நூலகர்

உங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்றால் ஞாபகம் இருக்கும். நூலகத்தில் நுழைந்ததும் ஒரு மர பீரோ. அதில் சின்னச் சின்ன டிராயர்கள். இழுத்தால், அடியில் ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்த அட்டைகள். உலக நூலகங்களுக்கு இந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஓ.சி.எல்.சி. என்ற அமெரிக்க அமைப்பு, 2015 அக்டோபரில் கடைசி அட்டையை அச்சடித்துவிட்டுக் கடையைக் கட்டியது.

அழவேண்டாம். கம்ப்யூட்டர் வந்ததில் நூலகர்களுக்கு எத்தனையோ தொல்லை விட்டது. முன்பெல்லாம் நீங்கள் புத்தகம் எடுத்தால், அதன் உள்ளே இருந்த அட்டையை உருவி உங்கள் டிக்கெட்டில் செருகி, திருப்பித் தரவேண்டிய தேதிப்படி தட்டில் அடுக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தால் அதைத் தேடி எடுத்து மறுபடி செருகவேண்டும். தினம் நூற்றுக்கணக்கில். இப்போது பார்கோடில் ஒரு 'பீப்', வேலை முடிந்தது. சில இடங்களில் அந்த 'பீப்'புக்கும் ஆள் வேண்டாம், நீங்களே மெஷினில் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பிரசிடென்ஸி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவர். சேர்ந்த சில நாளிலேயே போரடித்து, பழைய வேலையே தேவலை என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்வந்தபின் முடிவு செய்யலாம் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் நூலகத்தை விடவேயில்லை. 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்கிறது. அதில் கம்ப்யூட்டருக்கு நூற்றுக்கு நூறு.

எனக்கு இடிப்பது மூன்றாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு வாசகர் உண்டு, அவரிடம் அது போய்ச் சேரவேண்டும் என்கிறது. தேடல் பெட்டி, கேட்டதைத்தான் கொடுக்கும். கேட்கத் தெரியாததை?

சமீபத்தில் ஒரு நூலகத்தில் 'கல்கி' என்று தட்டினேன். இரண்டோ மூன்றோ வந்தது. எதிரே அலமாரியில் ஒரு வரிசையே கல்கி நிற்கிறார்! நூலகராக இருந்த இளம்பெண் வந்து, "சார், கிருஷ்ணமூர்த்தின்னு போடுங்க" என்றார். போட்டேன். கொஞ்சம் வந்தது. "இப்ப இங்கிலீஷ் எழுத்துல, கடைசில எச் போட்டு... எச் இல்லாம ஒரு தடவை..." எல்லாம் வந்துவிட்டது.

பழைய டிராயரில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. 'கல்கி - காண்க: கிருஷ்ணமூர்த்தி, ரா.' என்று தனியாக ஓர் அட்டை. அதில் புத்தகம் எதுவும் கிடையாது, வழி மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிந்த ஒருவர் வாசகரை நினைத்து எழுதிவைத்தது. நான் பார்த்த நூலகத்தில், அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது இதை விட்டுவிட்டார்கள். புத்தகமே இல்லாத அட்டையை எதற்கு டைப் அடிப்பது என்று நினைத்திருக்கலாம்.

குற்றம் கம்ப்யூட்டர் மீது இல்லை. இந்த 'காண்க'வை அது அட்டையைவிட அழகாகச் செய்யும். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். நீங்கள் எந்தப் பெயரைத் தட்டினாலும் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். ஆனால், சொல்லிக்கொடுக்க விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். நாமோ நூலகர் என்றால் முத்திரை குத்துகிறவர் என்று நினைத்துக்கொண்டோம். முத்திரை குத்த மெஷின் வந்ததும், ஆள் எதற்கு என்று கேட்கிறோம். முத்திரை குத்தும் நேரம் மிச்சமானதே இந்த வேலைக்காகத்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த முறை நூலகம் போனால், பெட்டியில் தட்டுவதற்கு முன் அங்கே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ஏதோ எழுதி, பசை தடவி, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

'கல்கி - காண்க: கிருஷ்ணமூர்த்தி.'