தீவகத்து இசைக்கல்வியும் ஆசிரியர் – மாணாக்கர் கடிதங்களும்: ஒரு திறனாய்வு நோக்கு

கடிதத்தை இலக்கிய வகைகளுள் ஒன்றாகக் கொள்வதில் நம் திறனாய்வாளரிடையே இன்று பெருந்தயக்கம் இல்லை. உ. வே. சாமிநாதையருக்கு அறிஞர் பலர் எழுதிய கடிதங்கள் பேணப்பட்டு, அவற்றுள் 1877 முதல் 1900 வரையுள்ளவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பாக 2018 இல் வெளிவந்தன. பதிப்பு முயற்சிகளின் உள்வரலாற்றை அறிவதற்கு அவை பெருந்துணை செய்வன. ஆயினும், தமிழில் அச்சேறிய கடிதங்களுட் பெரும்பாலானவை புலவரும் பதிப்பாசிரியரும் எழுத்தாளரும் எழுதியவையே. இசையாசிரியர் ஒருவர் தம்மிடம் கற்று நீங்கிய மாணாக்கருக்கு எழுதியனவும், அம்மாணாக்கர் மறுமொழியாக எழுதியனவும் வீட்டுப் பெட்டகங்களுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இசை செவிவழிக் கலை, எழுத்தில் அதற்கென்ன இடம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை. இசையைப் பற்றித் தமிழ் உரைநடையிலே நுணுகிப் பேசுவதற்கான மொழி உருவாகக்கூடிய களங்களுள் இக்கடிதங்கள் முதன்மையானவை என்பதே எமது வாதம்.

இவ்வாதத்தை யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து நிகழ்த்துவதற்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என விரியும் இந்நிலத்திலே கல்வி என்பது கடலைக் கடத்தலோடு பிணைந்தது. பண்ணைத் தாம்போதியும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியும் சில தீவுகளைப் பெருநிலத்தோடு பிணைத்தன. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் இன்றும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்தே படகேற வேண்டும். ஆரம்ப வரிசைகளையும் கீதங்களையும் ஊரிலே கற்றுக்கொண்ட பிள்ளை மேற்படிப்புக்கு ஊரை விட்டு நீங்கியே ஆகவேண்டும். 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகள், 1960 இல் மருதனார்மடத்தில் நிறுவப்பெற்றுப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக் கல்லூரி, அதற்கும் அப்பால் அண்ணாமலை நகர், சென்னை என அவ்வழி நீளும். முதலாசிரியர் கரையில் நிற்க, மாணாக்கர் கடந்து செல்வர். நெருப்பின் அருகே நிற்பவன்போல் மிக அணுகாமலும் அகலாமலும் ஆசிரியரிடத்து நிற்றல் வேண்டும் என்பது நன்னூலார் மாணாக்கனுக்கு வகுத்த தூரம். அத்தூரம் இங்கே கடலாகிவிடுகின்றது. அதன்பின் அவர்களிடையே எஞ்சுவது தபாற்கந்தோர் ஒன்றே.

தமிழ் மரபிலே இசைக்கும் கடிதத்துக்கும் உள்ள உறவு பழையது. பதினோராந் திருமுறையின் முதலிலே வைக்கப்பெற்ற திருமுகப் பாசுரம், யாழ்ப்பாணனாகிய பாணபத்திரனுக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் விடுத்த ஓலையாக அமைந்தது. இசைக்கலைஞன் ஒருவனின் பொருட்டு எழுந்த கடிதம் என்ற வகையில் இது நோக்கத்தக்கது. எனினும், அவன் யாழ் பயின்றவன் என்பதற்கு அதிலே ஒரு சிறு தொடரே உண்டு. எப்படி வாசித்தான் என்பது ஓலைக்கு வேண்டாத செய்தி. புரவலருக்கு எழுதும் கடிதத்தின் இயல்பு அதுவே. கலைஞனின் தேவையைக் கூறும், கலையைக் கூறாது.

சிலப்பதிகார வேனிற்காதை வேறொன்றைக் காட்டுகின்றது. ஐந்தாம் அகவை தொடங்கி ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியவள் மாதவி. அவளுக்குக் கற்பித்த ஆசிரியர்களின் தகுதிகளை அரங்கேற்று காதை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகின்றது. யாழாசிரியனின் அமைதியைக் கூறும் அடிகளை விளக்கப் புகுந்தே விபுலாநந்த அடிகள் 1947 இல் யாழ்நூலை அளித்தார். இத்தனை முற்றுப்பெற்ற பயிற்சியுடையவள், பிரிந்த கோவலனை நினைந்து யாழைக் கையில் எடுத்துப் பாடுகிறாள், மயங்குகிறாள். மீண்டும் முறைப்படி அமர்ந்து, நரம்புகளைச் செவியால் ஆராய்ந்து, நால்வகைச் சாதியும் மூவகை இயக்கமும் நோக்கி இசைக்கிறாள், மீண்டும் மயங்குகிறாள். அதன் பின்னரே தாழை மடலை எடுத்து எழுத முற்படுகிறாள். இசையிலக்கணம் முழுவதும் நிறைவேறிய இடத்திலேயே இசை தவறுகின்றது என்பதும், அது தவறிய இடத்திலே கடிதம் பிறக்கின்றது என்பதும் இளங்கோவடிகள் கதைப்போக்கிலே வைத்துக் காட்டிய நுட்பங்கள். அது காதற் கடிதம், பாடம் பற்றியதன்று என ஒருவர் மறுக்கலாம். நாம் எடுத்துக்கொள்வது அதன் பொருளை அன்று, அது எழும் நிலையை. (அவள் மகள் மணிமேகலை சென்றடைந்த மணிபல்லவம் நயினாதீவே என்பார் உளர். அக்கொள்கையை ஏற்பதும் விடுவதும் இவ்வாதத்தைப் பாதிப்பதில்லை.)

குரல் எட்டாத தூரத்திலிருக்கும் மாணாக்கருக்கு ஆசிரியர் எதனை எழுதக்கூடும்? முதலாவது, சுரதாளக் குறிப்பு. ஏழு சுரங்களின் முதலெழுத்துக்கள், மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் புள்ளிகள், நீட்டத்துக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும், தாள அடைவுக்குக் கோடுகள். இவ்வளவையும் ஒரு கடதாசியின் இருபுறத்திலும் அடக்கிவிடலாம். ஆனால் தோடியின் காந்தாரத்தை அவ்வாறு அடக்கவியலாது. அது நின்று ஒலிக்கும் சுரம் அன்று. அசைவினாலேயே தன் உருவத்தைப் பெறுவது. 1904 இல் எட்டயபுரத்திலே அச்சேறிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கெனத் தனிக்குறிகளை அமைத்தார். அவற்றைக் கற்றுக்கொள்வதே ஒரு தனிப்பாடம் ஆகையால், ஊரிலிருந்து கடிதம் எழுதும் ஆசிரியருக்கு அவை கைகொடுப்பதில்லை. ஆகவே அவர் சொற்களை நாடுகின்றார். குழைத்தல், அசைத்தல், உருட்டல், தொட்டு மீளல், மூச்சை எங்கே வாங்குவது, எந்த எழுத்தை விழுங்கக்கூடாது என்றெல்லாம் எழுத நேரும்போது, வகுப்பிலே ஒரு கையசைவினாலும் ஒரு முகச்சுளிப்பினாலும் முடிந்த காரியம் வாக்கியமாகின்றது. நம் இசை நூல்களில் இலக்கணச் சொற்கள் நிறைய உள்ளன. கச்சேரி பற்றிய எழுத்துக்களில் புகழ்ச்சொற்கள் அதைவிட நிறைய உள்ளன. ஒரு குறிப்பிட்ட குரலிலே, ஒரு குறிப்பிட்ட இடத்திலே நேர்ந்த பிழையைக் கூறும் சொற்களே அரியன. அவற்றைத் தேடவேண்டிய கட்டாயம் தொலைவிலிருந்து திருத்தும் ஆசிரியருக்கே மிகுதியாக உண்டு.

இங்கே இசையாசிரியர் எனும்போது கர்நாடக இசை கற்பிப்பவரை மாத்திரம் கருதுதல் ஆகாது. ஊர்காவற்றுறைப் பகுதியிலே, சிறப்பாக மெலிஞ்சிமுனையிலே, கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு வேரூன்றியது. கூத்துக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இராகத்தையும் தாளத்தையும் வாய்வழியே ஊட்டும் அண்ணாவியாரும் இசையாசிரியரே. அவரிடம் பழகியவர்களின் தலைமுறை ஐரோப்பிய நகரங்களிற் சிதறியிருக்கின்ற நிலையிலே, கொப்பிக்கும் கடிதத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு தனியே ஆராயப்படத்தக்கது.

இத்தகைய கடிதத் தொடர்பொன்று முழுமையாகப் பேணப்பட்டால் எத்தகைய பயன் விளையும் என்பதை அறிவதற்கு, மேனாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். வியன்னாவைச் சேர்ந்த அல்பன் பேர்க் என்பார் 1904 முதல் 1911 வரை ஆர்ணல்ட் ஷோன்பேர்க்கிடம் இசையாக்கம் பயின்றார். 1911 இல் ஆசிரியர் பேர்லினுக்குச் சென்றார். மாணாக்கர் 1935 இல் இறக்கும்வரை அவர்களிடையே கடிதங்கள் சென்றுவந்தன. அவற்றின் தேர்ந்த தொகுப்பு 1987 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தொடக்ககாலக் கடிதங்களைப் படிப்போர் சற்றுச் சலிப்படைதல் கூடும். ஆசிரியர் வேலைகளை ஏவுகிறார். மாணாக்கர் அவரது நூலுக்குச் சொல்லடைவு செய்கிறார். பெரும்படைப்பொன்றுக்கு விளக்கக் கையேடு எழுதுகிறார். குருகுலக் குற்றேவல் தபால்மூலம் தொடர்கின்றது என்றே கூறலாம். 1913 யூனிலே பேர்லினுக்குச் சென்ற பேர்க்கை ஆசிரியர் கடிந்துரைத்தார். அவர் அண்மையில் ஆக்கிய சிறு வடிவங்கள் ஆசிரியருக்கு உவப்பாக இல்லை. ஊர் திரும்பிய மாணாக்கர் அக்கண்டனத்துக்கு நன்றி கூறி எழுதினார். அடுத்த ஆண்டில், பெரிய வாத்தியக் குழுவுக்கான தம் மூன்று இசையாக்கங்களை ஆசிரியரின் நாற்பதாம் பிறந்தநாளுக்குக் காணிக்கையாக்கினார்.

பேர்க்கின் நன்றிக் கடிதத்தைப் பணிவின் சிகரமாகப் போற்றுவோர் இருப்பர். நாம் அவ்வாறு போற்றத் தயங்குகிறோம். கண்டிக்கப்பட்ட அச்சிறு வடிவங்களிலே பேர்க்கின் தனிக்குரல் இருந்தது. பிற்காலத்தார் அவற்றை விரும்பிக் கேட்டனர். ஆசிரியரின் செவி அங்கே பிழைத்தது எனலாம். அதனைச் சொல்லும் துணிவு மாணாக்கருக்குக் கடிதத்திலே வரவில்லை. வந்தது 1925 இல். தமது அறைக் கச்சேரி இசையாக்கத்தை முடித்த பேர்க், அதனை ஷோன்பேர்க்குக்கு உரியதாக்கி ஒரு திறந்த மடல் எழுதினார். ஆசிரியர், தாம், உடன்பயின்ற வேபர்ண் ஆகிய மூவரின் பெயரெழுத்துக்களுள் சுரப்பெயராக அமைவனவற்றை எடுத்து அவ்வாக்கத்தின் தலைப்பிலே பொதிந்திருப்பதை அதில் விளக்கினார். வணக்கம் குறையவில்லை, ஆனால் அங்கே பேசுபவர் தம் தொழிலைத் தாமே விளக்கவல்ல ஒருவர். 1904 இன் மாணாக்கர் 1925 இன் கலைஞராகும் வளர்ச்சியை வேறெந்தச் சான்றும் இத்துணைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜேர்மன் மொழியிலே மரியாதை முன்னிலை, உரிமை முன்னிலை என இரண்டு வடிவங்கள் உள்ளன. நெடுங்காலம் மரியாதை வடிவிலேயே எழுதிவந்த அவ்விருவரிடையே, ஆசிரியர் இசைந்த பின்னரே உரிமை வடிவம் வழங்கலாயிற்று. யாழ்ப்பாணத் தமிழ் இவ்வகையில் இன்னும் வளமுடையது. இங்கே நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள். ஆசிரியர் வளர்ந்த மாணாக்கரை ‘நீர்’ என்று விளிப்பது நம்மவர் வழக்கு. அதில் அன்பும் உண்டு, ஒரு முழத் தூரமும் உண்டு. மாணாக்கர் அரங்கேற்றம் கண்டோ பட்டம் பெற்றோ தாமும் ஆசிரியரான பின்னர் ‘நீர்’ ‘நீங்கள்’ ஆகிறதா, எந்தக் கடிதத்தில் ஆகிறது, ஆன பின்னர் திருத்தங்கள் குறைகின்றனவா என்பவை ஒரு சமூகத்தின் கலைவரலாற்றுக்கே உரிய வினாக்கள். அச்சேற்றும்போது இவ்விளிகளை ஒரே மரியாதை வடிவாக மாற்றிவிடும் பதிப்பாசிரியர் சான்றை அழித்தவராவார்.

தமிழ்நாட்டிலும் இசைபற்றிய மனந்திறந்த கடிதங்கள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவை வேறு உறவுகளிலிருந்து எழுந்தவை. இடைசெவல் என்னும் ஊரினரான கு. அழகிரிசாமி தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களிலே இசைபற்றிய பேச்சு விரவிக் கிடக்கின்றது. அங்கே தயக்கமில்லை. பிடித்தது, பிடிக்காதது எல்லாம் வருகின்றன. நண்பர்களாதலின் அது எளிது. ஆசிரியர்–மாணாக்கர் உறவிலோ பக்தி கேள்வியை விழுங்கிவிடுகின்றது. மாயூரத்திலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் சிறிதுகாலம் இசை பயின்றதும், அதனை விரும்பாத மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் குறிப்பறிந்து அப்பயிற்சியை விட்டதும் யாவரும் அறிந்தவை. முதுமையிலே ஐயர் பாரதியாரின் வரலாற்றை நூலாக எழுதினார். மாணாக்கர் ஒருவர் தம் இசையாசிரியருக்கு எழுதிய மிக நீண்ட கடிதம் அது என்று கொள்ளத் தோன்றுகிறது. ஆசிரியர் அதனைப் படிக்கவில்லை என்பதே குறை.

தீவகத்துக்கு மீள்வோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டதை எழுத்துலகம் முழுவதும் அறியும். தீவகத்தின் இழப்பு நூலக இழப்பன்று, வீடுகளின் இழப்பு. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிலே பயணிகள் கொல்லப்பட்டனர். மக்களையும் கடிதங்களையும் ஏற்றிவந்த கடல்வழி அன்றிலிருந்து அச்சவழியாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்களுட் பெரும்பாலோர் ஊர்களை விட்டு நீங்கினர். புங்குடுதீவிற் பிறந்தவரும் தம் கவிதைகளைத் தாமே இசையோடு பாடியவருமான சு. வில்வரத்தினம், ஆளற்ற அவ்வூர்களை 1995 இல் வெளிவந்த ‘காற்றுவெளிக் கிராமம்’ தொகுதியிலே பாடினார். அவ்வீடுகளில் விடப்பட்டவை தளபாடங்கள் மாத்திரம் அல்ல.

இதனால் விளையும் நிலை திறனாய்வாளர் கவனத்துக்குரியது. கடிதம் எழுதியவரிடம் இருப்பதில்லை, பெற்றவரிடமே இருக்கும். மாணாக்கர் ஆசிரியருக்கு எழுதியவை தீவகத்து வீடுகளில் இருந்தமையால் அவை அழிந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆசிரியர் எழுதியவையோ கொழும்பிலும் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் மாணாக்கரின் பெட்டிகளுள் எஞ்சியிருத்தல் கூடும். ஷோன்பேர்க் 1933 இல் ஜேர்மனியை விட்டு நீங்கி அமெரிக்கா சேர்ந்தபோதிலும் அவருக்கு வந்த கடிதங்கள் தப்பின; பேர்க்கின் வீட்டிலிருந்தவையும் தப்பின. நமக்குக் கிடைக்கப்போவது உரையாடலின் ஒரு பாதி. திருத்தம் இருக்கும், திருத்தப்பட்ட பிழை இராது. விடை இருக்கும், வினா இராது. வினாவை விடையிலிருந்து மீட்டெடுக்கும் பயிற்சி உரையாசிரியர் மரபிலே வந்த நமக்குப் புதிதன்று.

இன்று கைத்தொலைபேசியிலே ஆசிரியர் பாடிக்காட்ட, மாணாக்கர் மறுகரையிலிருந்து பாடித் திருத்திக்கொள்கிறார். 2020 இன் பெருந்தொற்றுக் காலத்தின் பின் இவ்வழக்கம் மேலும் பரவியது. கற்பித்தலுக்கு இது நன்மையே. கமகத்தைச் சொல்லால் வருணிக்கவேண்டிய தேவை நீங்கிற்று. அவ்வருணனைக்கு வேண்டிய சொற்களைத் தேடும் தேவையும் உடன் நீங்கிற்று. ஆகவே எஞ்சியுள்ள கடிதங்களின் பெறுமதி கூடியிருக்கின்றது. அவற்றைத் தொகுக்கப் புகுவோர் குடும்பச் செய்திகளை வைத்துக்கொண்டு சுரக்குறிப்புத் தாள்களைத் தனியே பிரித்துவிடுதல் கூடாது. சுரக்குறிப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டு நெல்விலையையும் படகுநேரத்தையும் விட்டுவிடுதலும் கூடாது. ஆசிரியர் அவற்றை ஒரே கடதாசியில் எழுதினார்.