கதிரைக்கு இந்தப் பக்கம்: நான்கு கணினி விளையாட்டுகளை முன்வைத்து

புத்தகங்களை வாங்கி அடுக்கிவிட்டு வாசிக்காமல் விடுவது எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கந்தான். கழிவு விலைக்குக் கிடைத்தபோதெல்லாம் வாங்கிய கணினி விளையாட்டுகளும் என்னிடம் அப்படியே தேங்கிக் கிடந்தன. கடந்த சில மாதங்களாக இஷாவுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் அவற்றை ஒவ்வொன்றாக ஆடி முடித்தேன். ஓட்டமும் சூடும் மட்டுமே உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, கதை சொல்வதையே நோக்கமாகக் கொண்ட நான்கைப் பற்றி இங்கு எழுதுகிறேன். கல்முனைப் பக்கத்து இலக்கியக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் 'அது பொடியன்மாருடைய விசயம்' என்று சிரித்துவிட்டுக் கவிதைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் யுத்தம், சோதனைச்சாவடி, அகதி வாழ்வு, மொழியிழப்பு என்று நாற்பது வருடங்களாக நாம் எழுதிவரும் பொருள்களையே இந்த விளையாட்டுகளும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எப்படி எடுத்திருக்கின்றன என்று பார்ப்பது நமது வேலைதான்.

முதலாவது, லூக்காஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்'. ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில், 1982ஆம் ஆண்டில், ஆடுபவர் ஒரு பரிசோதகராக உட்காருகிறார். வருகிறவரின் கடவுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், புகைப்படம், திகதி எல்லாவற்றையும் ஒப்பிட்டு முத்திரை குத்தவேண்டும். சரியாக முடித்த ஒவ்வொருவருக்கும் சம்பளம் உண்டு. நாளின் முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து தண்டப்பணம். மாலையில் அந்தக் காசில் வாடகையும் சாப்பாடும் குளிருக்குச் சூடும் மருந்தும் பார்க்கவேண்டும். ஒரு முதிய கணவன் சரியான பத்திரங்களோடு வருகிறான். பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அவளை உள்ளே விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும். விடாவிட்டால் அவள் திரும்பிப் போவாள். கொடுமை எப்படி ஒரு நிர்வாகக் கடமையாகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பிரதிகள் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போய், வழியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, மறுபடி ஏறிய ஆண்டுகளைக் கடந்து வந்த ஒருவருக்கு இந்த விளையாட்டு வேறுவிதமாகவே படும். நாம் அந்தக் கதிரையில் ஒருநாளும் இருந்ததில்லை. விளையாட்டோ நம்மை அங்கே இருத்தி, அந்த மனிதனுக்கும் வீட்டில் நோயாளிகள் உண்டு என்கிறது. அது உண்மைதான். வரிசையில் நிற்பவனுக்கோ இங்கு வீடு இல்லை. சில வினாடிகள் முகத்தைக் காட்டி, இரண்டு வசனம் பேசிவிட்டு மறைந்துபோகிறான். அனுதாபத்தின் பங்கீடு சமமாக இல்லை. ஆடுபவரின் கைக்கு எந்த வேலை தரப்படுகிறதோ அந்தப் பக்கமே கதையின் மனமும் சாய்கிறது.

இரண்டாவது, போலந்தின் வார்சோ நகரிலுள்ள '11 பிட் ஸ்டூடியோஸ்' 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்'. 2020இல் போலந்து அரசு பாடசாலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதாக அறிவித்தது. முற்றுகையிடப்பட்ட நகரில் பாதி இடிந்த வீடொன்றில் சில சிவிலியன்கள். பகலில் வீட்டைத் திருத்துவார்கள், அடுப்பு மூட்டுவார்கள். இரவில் ஒருவர் வெளியே போய்ப் பொருள் தேடி வரவேண்டும். ஒரு வீட்டில் வயோதிபத் தம்பதியர் மட்டும் இருக்கிறார்கள். அவர்களிடம் எடுத்தால் நம்மவர்கள் பிழைப்பார்கள். எடுத்து வந்தபின் நம்மவர்களே சோர்ந்துபோகிறார்கள், சாப்பிட மறுக்கிறார்கள். யுத்தத்தை வீரர்களின் கதையாக மட்டுமே காட்டிவந்த இத்துறையில் பசியைப் பிரதான பாத்திரமாக்கியது பெரிய காரியம்.

எனது மனத்தாங்கல் வேறு. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையே இதற்கு உந்துதல். விளையாட்டிலோ நகரத்துக்குப் புனைபெயர். முற்றுகைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் பொஸ்னிய முஸ்லிம்கள் என்ற தடயமே இல்லை. பாங்கு இல்லை, தொழுகை இல்லை, ஜனாஸா இல்லை. குளிருக்குப் புத்தகங்களை எரிக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1992 ஆகஸ்டில் சரயேவோவின் தேசிய நூலகம் எரிந்ததை, 1981இல் யாழ்ப்பாணம் எரிந்ததை அறிந்த வாசகனுக்கு அந்தச் சிறு பொத்தான் கையைச் சுடும். ஆனால் யாருடைய புத்தகம் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. 'எல்லோருக்கும் பொதுவான யுத்தம்' என்று சொல்லும்போது முதலில் காணாமற்போவது, யாருக்கு நடந்தது என்பதுதான். இன்னுமொன்று: அந்த வீட்டில் சேர்ந்திருப்பவர்கள் அந்நியர்கள். இக்கரையில் யுத்த காலத்திலும், 2004 டிசம்பர் 26க்குப் பின்னரும், பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஊரோடு ஊராகத்தான் கிடந்தோம். மச்சானும் மாமியும் பக்கத்து வளவுக்காரரும் கூடவே இருந்த துயரத்துக்குத் தனிமனித அறம் மட்டும் போதாது. பங்கிடுவதா ஒளிப்பதா என்ற கேள்வி அங்கே நூறு பேர் பார்த்திருக்க எழுந்தது.

மூன்றாவது, பலஸ்தீனரான ரஷீத் அபூ ஐதா 2016இல் வெளியிட்ட 'லைலா அன்ட் த ஷடோஸ் ஒஃப் வோர்'. 2014இன் காஸா யுத்தம் களம். கறுப்பு நிழலுருவாக ஒரு தகப்பன், மனைவியையும் மகள் லைலாவையும் காப்பாற்ற ஓடுகிறான். 2014 ஜூலை 16இல் காஸா கடற்கரையில் கொல்லப்பட்ட நான்கு சிறுவர்களின் நினைவும் இதில் வருகிறது. அப்பிள் நிறுவனம் முதலில் இதை விளையாட்டு என்ற பிரிவில் ஏற்க மறுத்து, செய்தி அல்லது உசாத்துணை என்று போடச் சொன்னது. கண்டனங்களின் பின் முடிவை மாற்றிக்கொண்டது. விளையாட்டுத் துறையின் இலக்கணம் எதைத் தாங்காது என்பதை அந்த மறுப்பே சொல்லிவிட்டது.

அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சிறு படைப்பையே நான்கிலும் நேர்மையானதாக நான் கருதுகிறேன். இடையிடையே ஆடுபவரிடம் தெரிவு கேட்கப்படுகிறது. எதைத் தெரிந்தாலும் முடிவு மாறுவதில்லை. திறமையாக ஆடினால் தப்பலாம் என்பது மற்ற எல்லா விளையாட்டுகளும் தரும் வாக்குறுதி. குண்டின் கீழ் இருப்பவனுக்கு அந்த வாக்குறுதி பொய் என்று இது சொல்கிறது. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1981இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' தொகுப்பைத் தந்தபோது அந்த மண் நமக்குச் சொல்லாக வந்து சேர்ந்தது. கவிதையில் துயரத்தைக் கேட்டோம். இங்கே ஓடிப் பார்த்தும் ஒன்றும் ஆகாத கையின் அவமானம் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியாதவை.

கடைசியாக, ரொறொன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. எண்பதுகளின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். தாய்வழி வந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்திருக்கிறது. இட்லியும் புட்டும் எந்த ஒழுங்கில் சமைப்பது என்பதை ஆடுபவர் ஊகித்து நிரப்பவேண்டும். பின்னால் வளர்ந்த கவின் அதே குறிப்பேட்டைத் திறக்கிறான்; அவனுக்குத் தமிழ் அரைகுறையாகவே விளங்குகிறது. அந்த இடத்தில் விளையாட்டும் கதையும் ஒன்றாகின்றன. இனிமை கொஞ்சம் கூடிப்போனதும், புலம்பெயர்வின் கசப்புகள் அவசரமாகக் கடக்கப்படுவதும் குறைகள்தான். எனினும் எங்கள் வீடுகளில் மூத்தம்மாமார் ஓதிவந்த அறபுத்தமிழ்க் கிதாபுகளை இன்று எழுத்துக்கூட்டி வாசிக்க ஆளில்லை என்பதை நினைத்தால், கவினைக் கனடாவில் மட்டும் தேட வேண்டியதில்லை. ஊரைவிட்டு அசையாமலே ஒரு எழுத்தைத் தொலைத்தவர்கள் நாம்.

'நமக்கும் ஒரு விளையாட்டு வேண்டும்' என்ற கோரிக்கையோடு முடிப்பது இலகு. எனக்கு அதைவிட வேறொன்று உறுத்துகிறது. நமது யுத்தகாலச் சிறுகதைகளில் வரிசையில் நிற்பவனின் வேர்வையும் பயமும் வீடும் துல்லியமாக எழுதப்பட்டிருக்கின்றன. கதிரையில் இருப்பவனுக்குச் சீருடையும் அதட்டலும் மட்டுமே உண்டு. அவனுடைய வாடகையை, அவனுடைய பிள்ளையின் காய்ச்சலை நாம் எழுதவில்லை. எழுதினால் அவனை மன்னித்ததாகிவிடும் என்ற அச்சம் நமக்கு. போப்பின் விளையாட்டில் அவனுக்குக் குடும்பம் உண்டு; அதனால் குற்றம் குறையவில்லை, எப்படி நடந்தது என்பதுதான் தெளிவாகிறது. அவர் விட்ட பாதியை நாம் எழுதிவிட்டோம். நாம் விட்ட பாதி அவரிடம் இருக்கிறது. இரண்டு பாதியும் ஒரே பக்கத்தில் வரும் கதையை இக்கரையில் யாராவது எழுதினால், அதை வாசிக்க நான் காத்திருக்கிறேன்.