மீனின் பாலும் நம் சொற்களும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர். விலங்குகளின் குட்டிக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் மரபுப் பெயர்களைச் சொல்லித் தொடங்கும் இயல் அது. யானையில் களிறும் பிடியும், மானில் கலையும் பிணையும், குரங்கில் கடுவனும் மந்தியும். அதே சொல்தான் விலங்கியல் துறைப் பாடநூலின் அட்டையிலும் இருக்கிறது. அங்கே அது மரபணுக்களையும் குரோமோசோம்களையும் பற்றிய படிப்பு. இந்த இயலை நான் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள் முதுகலை மாணவி ஒருவர் கேட்டார்: "அம்மா, எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண், அதுதான் இயற்கை என்கிறாள் விலங்கியல் படிக்கும் என் தோழி. பிறகு பால் என்பதைச் சமூகம் கட்டியது என்று நாம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம்?"

உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. பாலினம் வேறு, உடற்கூறு வேறு என்ற வழக்கமான விடையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உடற்கூறு என்ற பக்கத்தை அப்படியே அறிவியலிடம் ஒப்படைத்துவிட்டு மீதியை மட்டும் நாம் வைத்துக்கொள்வது எனக்கு எப்போதுமே உறுத்தல். எனவே படிக்கத் தொடங்கினேன். படிப்பு என்னை நன்னீர் மீன்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழ் இலக்கணத்தில் மீன் அஃறிணை. ஒன்றா பலவா என்பதைத்தான் வினைமுற்று சொல்லும். ஆணா பெண்ணா என்று சொல்லாது. கடல் சுறாவின் ஆணை ஏறு எனலாம் என்கிறது மரபியல். குளத்து மீனுக்கு நம் பேச்சு வழக்கில் அப்படித் தனிப்பெயர் இல்லை. வயிற்றை அறுத்தபின் உள்ளே சினை இருந்தால் அது பெண். அவ்வளவுதான். அறிவியல் மொழி இந்த இடத்தில் நம் மொழியைவிட அதிகம் பேசுகிறது. அது என்ன பேசுகிறது என்று வாசிப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கதையின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். நெட்டி ஸ்டீவன்ஸ், பிறப்பு 1861. பள்ளி ஆசிரியையாக வேலை செய்து பணம் சேர்த்து, 35 வயதில் ஸ்டான்ஃபோர்டில் மாணவியாகச் சேர்ந்தவர். 1905இல் மாவு வண்டின் செல்களை நுண்ணோக்கியில் எண்ணினார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் 19 பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. அந்தச் சிறியது வந்த விந்து ஆணைத் தருகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதே காலத்தில் எட்மண்ட் வில்சனும் இதே துறையில் உழைத்தார். பாடநூல்களில் நெடுங்காலம் அவர் பெயர்தான் முன்னால் நின்றது. ஸ்டீவன்ஸ் 1912இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். 1906இல் வெளிவந்த தன் ஆய்வின் தலைப்பில் அவர் வைத்த சொல் 'ஹெட்டரோகுரோமோசோம்', அதாவது வேறுபட்ட குரோமோசோம். வேறுபட்டது என்ற அடக்கமான சொல் பின்னர் 'பால் குரோமோசோம்' ஆயிற்று. அதற்கும் பிறகு மக்கள் வழக்கில் எக்ஸ் பெண்ணாகவும் ஒய் ஆணாகவும் மாறிவிட்டன, ஆணிடமும் ஓர் எக்ஸ் இருக்கிறது என்பது மறந்துபோய்.

நம் ஊரில் இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு பயன்பாடு உண்டு. மகளாகப் பெற்றுப் போட்டாள் என்று மருமகளை ஏசும் வீட்டில், "தீர்மானிப்பது ஆணின் விந்துதான், அவளைத் திட்டாதீர்கள்" என்று நாம் சொல்கிறோம். மேடையில் நானும் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்திருக்கிறது. இந்த வாதத்தின் பலவீனத்தை எனக்குக் காட்டியது வரிக்குதிரை மீன்.

கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்த வரிபோட்ட மீன் நம் துணைக்கண்டத்து ஓடைகளுக்கும் வயல்வெளிகளுக்கும் உரியது. 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் அதைப் பதிவு செய்தார். வங்கத்தின் நாடியா, கூச்பிஹார் போன்ற இடங்களிலிருந்து வந்த வழிகளில், நான்காம் குரோமோசோமில் பால் தீர்மானம் நடக்கிறது. இங்கே முறை தலைகீழ். ஒரே மாதிரி இரண்டு இசட் இருந்தால் ஆண்; இசட்டோடு டபிள்யூ இருந்தால் பெரும்பாலும் பெண். அதாவது தீர்மானிப்பது தாயின் முட்டை. கோழியிலும் இப்படித்தான். அப்படியானால் வரிக்குதிரை மீனின் உலகில் ஒரு மாமியார் மருமகளைத் திட்டினால் அது நியாயமா? கேள்வி சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நம் வாதத்தின் ஓட்டை அதில் தெரிகிறது. "குற்றம் அவளுடையதல்ல, அவனுடையது" என்று சொல்லும்போது, மகள் பிறப்பது ஒரு குற்றம் என்பதை நாம் தொடவே இல்லை. குற்றவாளியை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

அந்த மீனின் கதை இன்னும் முடியவில்லை. ஆரெகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய மீன்களிலிருந்து ஆய்வக வழிகளை உருவாக்கினார். உலகெங்கும் ஆய்வகத் தொட்டிகளில் அவற்றின் சந்ததிகள் நீந்துகின்றன. அதிகம் பயன்படும் இரண்டு ஆய்வக வழிகளில் அந்த இயற்கையான தீர்மானிப்பு காணாமல் போயிருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தொட்டி மீன்களிலும் ஆணும் பெண்ணும் தொடர்ந்து பிறக்கின்றன, வேறு வழிகளில். மாறாதது என்று நாம் நம்பிய ஒன்று மனிதக் கைகளில் சில பத்தாண்டுகளுக்குள் உதிர்ந்துவிட்டது. அதைவிட வியப்பு, பல காலம் அந்தத் தொட்டி மீனே 'இயற்கை'யின் மாதிரியாக இருந்ததுதான்.

அடுத்து ஜப்பானின் நெல்வயல் மீன் மெடக்கா. 1921இலேயே ஐடா என்ற ஆய்வாளர் அதன் நிற மரபைக் கொண்டு எக்ஸும் ஒய்யும் அதில் இருப்பதைக் காட்டினார். அவை அவ்வப்போது தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதையும் கண்டார். 1953இல் யமமோட்டோ, எக்ஸ்ஒய் குஞ்சுகளுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்து முட்டையிடும் பெண்களாக வளர்த்தார். 2002இல் மெடக்காவின் பாலைத் தீர்மானிக்கும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு குரோமோசோமில் இருந்த மரபணு ஒன்றின் நகல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதால் உருவானது அது. அந்தச் சிறு பகுதியைத் தவிர்த்தால் எக்ஸும் ஒய்யும் கிட்டத்தட்ட ஒன்றே. மெடக்காவின் நெருங்கிய உறவான இன்னொரு மீனில் இந்த மரபணு இல்லை. அந்த வேலையை வேறொன்று செய்கிறது. மற்றோர் உறவில் மூன்றாவது ஒன்று. இன்னும் சில உறவுகளில் இசட்-டபிள்யூ. ஒரே குடும்பத்துக்குள் இத்தனை ஏற்பாடுகள். மெக்சிகோ, பெலிஸ் பகுதிகளின் பிளாட்டி மீனில் எக்ஸ், ஒய், டபிள்யூ மூன்றும் ஒரே இனத்தில் புழங்குகின்றன. டபிள்யூவும் ஒய்யும் சேர்ந்த மீன் பெண். ஒய் இருந்தும் பெண்.

இந்த மாற்றங்களை விவரிக்கும் சொற்களைப் பாருங்கள். தீர்மானிக்கும் மரபணுவுக்கு வழங்கும் பெயர் தலைமை மரபணு. ஆங்கிலத்தில் அதற்கு எசமானன் என்ற பொருளும் உண்டு. 2003இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஆண்டைகள் மாறுகிறார்கள், அடிமைகள் நிலைக்கிறார்கள்'. மேலே உள்ள மரபணு இனத்துக்கு இனம் மாறும், கீழே வேலை செய்பவை மாறாமல் தொடரும் என்பது பொருள். ஆண்டை என்ற சொல்லைக் கேட்டால் தஞ்சை வயலில் யார் முதுகு வளைந்திருந்தது என்று நமக்குத் தெரியும். ஆய்வகத்தில் அது வெறும் உவமை. ஆனால் உவமைதான் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறது. ஆண்டை யார் என்று தேடுகிறவர், கீழே இருப்பவை கூடிச் செய்யும் வேலையைப் பிறகுதான் பார்ப்பார். மெடக்காவில் உண்மையில் நடந்தது என்ன? கீழ்வரிசையில் உழைக்கும் மரபணு ஒன்றின் நகல்தான் மேலே போய் உட்கார்ந்தது. உவமை தன் சொந்தச் சான்றிலேயே தடுமாறுகிறது.

இரண்டாவது சொல் 'இயல்புநிலை'. 1947இல் ஆல்ஃபிரட் ஜோஸ்ட், முயல் கருக்களில் இனப்பெருக்கச் சுரப்பிகளை நீக்கியபோது அவை பெண்ணுக்குரிய நாளங்களோடு வளர்ந்தன. நாளங்களைப் பற்றிய அந்த முடிவு மெல்ல மெல்ல அண்டகத்துக்கும் பிறகு பெண் என்ற முழுமைக்கும் நீட்டப்பட்டது. 1990இல் பாலூட்டிகளின் ஒய்யில் எஸ்ஆர்ஒய் மரபணு கிடைத்தபோது கதை உறுதியாயிற்று: ஆண் என்பது ஒரு செயல், பெண் என்பது அந்தச் செயல் நடக்காமை. மீன்கள் இதற்கு உடன்படவில்லை. முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் இனச்செல்களை நீக்கினால் வரிக்குதிரை மீன்கள் எல்லாமே ஆண் உருவில் வளர்கின்றன. மெடக்காவிலும், எக்ஸ்எக்ஸ் மீன் ஆண் தோற்றம் கொள்கிறது. அப்படியானால் மீனில் ஆண்தான் இயல்புநிலையா? அப்படி யாரும் தலைப்பிட்டுக் கொண்டாடியதை நான் பார்க்கவில்லை. மெடக்காப் பெண்ணின் இனச்செல்லில் ஃபாக்ஸ்எல்3 என்ற மரபணுவை நீக்கினால் அண்டகத்துக்குள்ளேயே விந்து உருவாகிறது என்று 2015இல் காட்டினார்கள். முட்டை சும்மா வருவதில்லை. அதுவும் ஒரு வேலையின் விளைவு. வீட்டு வேலை கண்ணில் படாததுபோல் இந்த வேலையும் நெடுநாள் கண்ணில் படவில்லை.

மூன்றாவது சொல் 'பால் முரண்'. கொசுப்புழுவைத் தின்ன நம் ஊர்த் தொட்டிகளில் விடப்படும் கப்பி மீன் இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஆணின் நிறப்புள்ளிகளில் பலவற்றுக்கான மரபணுக்கள் ஒய்யில் இருப்பதை 1922இல் விங்கே காட்டினார். நிறம் ஆணுக்கு இணையைத் தரும். பெண்ணுக்கோ எதிரியின் கண்ணில் படும் ஆபத்தை மட்டுமே தரும். எனவே நிற மரபணுக்கள் ஒய்யோடு கட்டுண்டன. அதனால் எக்ஸும் ஒய்யும் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது நின்றது என்பது விளக்கம். இதற்கு ஆதரவான தரவுகளை 2017இல் ஜூடித் மேங்க் குழு முன்வைத்தது. டெபரா சார்ல்ஸ்வொர்த் மறுத்தார்: ஆண் கப்பியில் எல்லாக் குரோமோசோம்களிலுமே பரிமாற்றம் பெரும்பாலும் நுனிகளில்தான் நடக்கிறது, ஒய்க்கு மட்டும் தனிக் கதை தேவையில்லை. இரு பெண் அறிஞர்கள் முன்னின்ற இந்த விவாதத்தை நான் விரும்பிப் படித்தேன். போர் என்ற கதை அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதை அங்கே தரவைக் கொண்டு பேசினார்கள்.

மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களில் முரண் கதைக்குச் சான்று வலுவாக இருக்கிறது. ஆரஞ்சுத் திட்டு நிறம் பெண்ணை மறைத்துக் காக்கிறது. ஆணின் நீல அழகைக் கெடுக்கிறது. அந்த நிற மரபணுவோடு சேர்ந்து புதிய டபிள்யூ ஒன்று தோன்றியதை 2009இல் விளக்கினார்கள். பழைய ஒய் உடன் இருந்தாலும் டபிள்யூ சொல்வதே செல்லும். இங்கே புதியதைத் தொடங்கியது பெண் பக்கம்.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. பாருங்கள், இயற்கையே நம் பக்கம், பால் என்பதே ஓடும் நீர் என்று எழுதிவிடலாம். அந்த ஆசையை நான் சந்தேகிக்கிறேன். யமமோட்டோவின் அதே அறிவுதான் ஜிலேபி மீன் பண்ணைகளுக்குப் போனது. ஆண் மீன் வேகமாக வளரும், பெண் மீன் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பிவிடும் என்பதால் குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். ஒய்ஒய் மீனுக்கு 'சூப்பர் மேல்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பால் நெகிழ்வானது என்று தெரிந்ததால் பெண் மீனுக்கு எந்த விடுதலையும் வரவில்லை. நெகிழ்வு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. மனிதருக்கு மீன் சான்று ஆகாது. நம் உடலில் எக்ஸும் ஒய்யும் செய்யும் வேலை மெய்தான். திருநங்கையரின் உரிமையோ பெண்ணின் உரிமையோ பிளாட்டி மீனின் டபிள்யூவில் தொங்க வேண்டியதில்லை. நாளை வேறோர் ஆய்வு வந்தால் அந்த உரிமை அறுந்து விழக்கூடாதல்லவா?

மீன்கள் நமக்குச் செய்யும் உதவி வேறு. 'அதுதான் இயற்கை' என்ற தொடரைச் சொல்பவரிடம், எந்த உயிரில், எந்தக் கட்டத்தில், எந்தச் சொல்லால் என்று கேட்கக் கற்றுத்தருகின்றன. தொல்காப்பிய மரபியல் இன்ன உயிருக்கு இன்ன பெயர் வழங்கும் என்று தொகுத்தது. அது வழக்கின் பட்டியல் என்பதை மறைக்கவில்லை. மற்ற மரபியல் தன் பெயர்களும் வழக்கே என்பதை அவ்வப்போது மறந்துவிடுகிறது.

மாணவியிடம் இதைத்தான் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லாமல். தோழி சொன்னது பிழையில்லை, மனிதரில் பெரும்பாலும் அப்படித்தான். 'அதுதான் இயற்கை' என்ற இடத்தில்தான் அவளை நிறுத்திக் கேட்க வேண்டும் என்றேன். மேடைப் பேச்சையும் திருத்திக்கொண்டேன். மகள் பிறந்ததற்கு யார் பொறுப்பு என்று யாராவது கேட்டால், இப்போது நான் குரோமோசோமைப் பற்றிப் பேசுவதில்லை. பொறுப்பு என்ற சொல் அந்த வாக்கியத்துக்குள் எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்கிறேன். கைதட்டல் குறைவாகத்தான் கிடைக்கிறது.